மாதிரி எண் பதினான்கு

பேகம்பூர், திண்டுக்கல்
10 பிப்ரவரி 2025

கிளாரா,

‘அன்புள்ள’ என்று தொடங்க மனம் வரவில்லை. அதனால் வெறும் கிளாரா.

உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். வேறு எண்ணிலிருந்தும் கூப்பிடாதே. போனில் நான் கத்துவேன், நீ அமைதியாக இருப்பாய், கடைசியில் நான்தான் முரடி என்று ஆகும். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம். இந்த முறை எழுத்திலேயே சண்டை போடுவோம். உனக்கும் எல்லாவற்றுக்கும் எழுத்தில் ஆதாரம் வேண்டுமே.

வெள்ளிக்கிழமை ஒரு செய்திச் சேனலில் ‘திண்டுக்கல் அருகே விஷத் தண்ணீர் கிராமம்’ என்று ஓடியது. ஆவாரங்காட்டூரின் மேல்நிலைத் தொட்டி, பள்ளிக்கூடம், பழுப்புக் கறைப் பல்லோடு சிரிக்கிற பிள்ளைகள். பின்னால் பேய்ப்படத்துக்குப் போடுகிற இசை. ‘ஹைதராபாத் விஞ்ஞானி கிளாரா ராயப்பராஜின் ஆய்வுக் கட்டுரையில் அதிர்ச்சித் தகவல்’ என்று உன் பெயரையும் போட்டார்கள்.

போன வருடம் உன்னை அந்த ஊருக்குக் கூட்டிப்போனது நான். ஞாயிறுதோறும் நான் ஊர் ஊராக ஓட்டிப்போகிற அறிவியல் வண்டியின் மேல் நின்று, மைக்கைப் பிடித்து, “இந்த அம்மா உங்க தண்ணிய எடுத்துட்டுப் போயி சோதிப்பாங்க, என்ன இருக்குன்னு மொதல்ல உங்ககிட்டத்தான் சொல்வாங்க” என்று வாக்குக் கொடுத்ததும் நான். அந்த வாக்கை நம்பித்தான் அவர்கள் பிள்ளைகளின் வாயைத் திறந்து காட்டினார்கள்.

நேற்று அங்கே போனேன். வண்டியை நிறுத்துவதற்குள் முத்துப்பேச்சி வந்துவிட்டாள். அவளுடைய பெரிய மகள் தமிழ்நிலாவுக்கு வேடசந்தூரில் மாப்பிள்ளை பேசி முடிக்கிற நேரம். செய்தியைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் கூப்பிட்டிருக்கிறார்கள். பொண்ணு சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க என்று கேட்டார்களாம். முத்துப்பேச்சி என்னைத் திட்டவில்லை. இதைத்தான் கேட்டாள்:

“எங்க தண்ணியப் பத்தி எங்களுக்குத் தெரியுறதுக்கு முன்னாடி டிவிக்காரனுக்கு எப்படிம்மா தெரிஞ்சுச்சு?”

 பதினைந்து வருடமாக மைக் பிடிக்கிறவள், அன்று மைக்கைக் கையில் எடுக்கவில்லை.

இன்னொன்று. விஷம் என்று கேட்டதும் ஊரே தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குடிக்கிறவர்களுக்குத்தான் தெரியாது; சொல்லிப் பார்த்தேன், வாக்குத் தவறியவள் பேச்சை யார் கேட்பார்கள்?

பதில் எழுது. நன்றாக யோசித்து எழுது.

ஃபர்ஹீன்


ஹைதராபாத்
19 பிப்ரவரி 2025

அன்புள்ள ஃபர்ஹீன்,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கொதிக்க வைக்கிறார்கள் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நிறுத்திவிட்டேன். அதை முதலில் தடுக்க வேண்டும். மற்றது பிறகு.

என் பக்கத்தையும் சொல்கிறேன். கட்டுரையில் நான் ஊரின் பெயரைப் போடவில்லை, எண்தான் போட்டேன். கட்டுரையோடு ஒரு வரைபடம் இருந்தது. அதை வைத்து அந்தச் சேனல் ஊரைக் கண்டுபிடித்திருக்கிறது. கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பிறகு ஒரு முறையும் தண்ணீர் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு ஊரைப் பார்த்து ‘உங்கள் தண்ணீர் கெட்டது’ என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் வேலையின் ஒழுங்கு. முடிவு வந்ததும் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பினேன். அவர்கள் வழியாக ஊருக்குப் போகும் என்று நம்பினேன்.

நீ மைக்கில் கொடுத்த வாக்கை என்னைக் கேட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் பக்கத்தில்தான் நின்றேன், மறுக்கவும் இல்லை. ஆகவே அது என் வாக்கும்தான்.

நான் பயந்தது தமிழ்நிலாவுக்கு இப்போது நேர்ந்ததைப் போன்ற ஒன்றை நினைத்துத்தான். ‘கறைப்பல் ஊர்’ என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் மாறினாலும் பெயர் மாறாது. அது தொற்று இல்லை, பரம்பரை இல்லை, பல் துலக்காத குற்றமும் இல்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாறையிலிருந்து கரைத்துக்கொண்டு வருகிற உப்பு, பிள்ளைகளின் பல் ஈறுக்குள் உருவாகிற வயதில் அதைக் கறையாக்குகிறது. வருடக்கணக்கில் குடித்தால் மூட்டுகளையும் எலும்பையும் இறுக்குகிறது.

இதையெல்லாம் தமிழில் ஒரு பக்கத்துக்கு விளக்கமாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு அங்கே போய் வாசித்துவிடு. ஒரு சொல்லும் மாற்றாதே. ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்திருக்கிறேன்.

கிளாரா


பேகம்பூர்
1 மார்ச் 2025

கிளாரா,

வாசித்தேன். ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்தேன். நீ கேட்டாய் என்பதற்காக.

ரேஷன் கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன். ஊர்த்தெருக்காரர்கள் ஒரு பக்கம், காலனிக்காரர்கள் ஒரு பக்கம் என்று வழக்கம்போல் கூடியிருந்தார்கள். ‘நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அயனிகளின் செறிவு அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பை விஞ்சும் நிலையில்’ என்று ஆரம்பித்தேன். இரண்டாவது பத்தியிலேயே ஆட்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். மூட்டுவலியால் கழுத்தைத் திருப்ப முடியாத அந்தோணிமுத்து மாமா மட்டும் உடம்போடு என் பக்கம் திரும்பி, “செறிவுன்னா செரிக்காம இருக்கறதாம்மா?” என்று கேட்டார்.

காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள். மன்னிக்காவிட்டாலும் சரி.

முத்துப்பேச்சி வீட்டிலிருந்து அடுப்பும் சட்டியும் வாங்கிவரச் சொன்னேன். தண்ணீரில் இரண்டு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கி, முதலில் எல்லாருக்கும் உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்க்கச் சொன்னேன். பிறகு அதையே எல்லார் கண் முன்னாலும் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைத்தேன். ஆறியதும் மறுபடி ருசி.

“தூ! கடல் தண்ணியாட்டம் கரிக்குது” என்றாள் ஒருத்தி.

“உப்பு ஆவியாப் போச்சா?” என்று கேட்டேன்.

“எங்க போச்சு? தண்ணிதான போச்சு. உப்பு அம்புட்டும் சட்டியிலதான கெடக்கு.”

“அதே மாதிரிதான் இதுவும். இது நாக்குக்குத் தெரியாத உப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்” என்றேன்.

அதற்குப் பிறகு ஒருத்தரும் எழுந்து போகவில்லை கிளாரா. கொதிக்க வைப்பது அன்றே நின்றது. தமிழ்நிலா கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று, “அப்ப இது என் பல்லுல இருக்கற நோவு இல்ல, ஊர்த் தொட்டியில இருக்கற நோவு. அப்படித்தானக்கா?” என்று கேட்டாள். “அப்படித்தான்” என்றேன். உன் ஒரு பக்கத்தை அந்தப் பெண் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

ஆனால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டேன். புஷ்பமேரி அக்கா, காலனியில் மகளிர் குழுத் தலைவி, உனக்கு நினைவிருக்கும், அவர்தான் கேட்டார். “இந்தத் தண்ணி ஆகாதுன்னுட்ட. சரி. எந்தத் தண்ணி ஆகும்? அதச் சொல்லு.”

கூட்டுக் குடிநீர்க் குழாய் பக்கத்து ஊர் வரைக்கும்தான் வந்திருக்கிறது. கேன் தண்ணீரை நாள்தோறும் வாங்க அங்கே யாராலும் முடியாது. வீட்டுக்கு வந்து உன் கட்டுரையின் அட்டவணையைப் பிரித்துப் பார்த்தேன். அந்த ஊரில் நீ எடுத்த மாதிரிகள் எல்லாமே வரம்புக்கு மேலே. ஒன்று மட்டும் நன்றாகக் கீழே. மாதிரி எண் பதினான்கு. பக்கத்தில் ‘ஆழம் குறைந்த திறந்த கிணறு’ என்று மட்டும் போட்டிருக்கிறாய்.

அது எந்தக் கிணறு?

ஃபர்ஹீன்


ஹைதராபாத்
10 மார்ச் 2025

அன்புள்ள ஃபர்ஹீன்,

உப்பை வைத்து நீ செய்தது சரி. நான் எழுதிய பக்கம் வீணாய்ப் போனதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் சரி.

உன் கேள்விக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

மாதிரி எண் பதினான்கு, காலனிக் கிணறு. பக்கத்தில் இருக்கிற ஓடையில் மழைத் தண்ணீர் தேங்கி, மண்ணில் இறங்கி அதில் ஊறுகிறது. ஆழத்துப் பாறையைத் தொடாத தண்ணீர். அதனால் நல்ல தண்ணீர். ஊருக்குள் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தகுந்த ஒரே தண்ணீர் அதுதான். காலனியிலும் குடிப்பதற்கு அதை யாரும் எடுப்பதில்லை. தொட்டித் தண்ணீர் குழாயில் வந்த பிறகு துணி துவைக்கவும் மாட்டுக்கும்தான் என்று ஆகிவிட்டது.

அதைக் கட்டுரையில் சொல்லாமல் விட்டது மறதி இல்லை. சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். ஊர்த்தெரு அந்தத் தண்ணீரைத் தொடமாட்டோம் என்று சொல்லும், பிள்ளைகள் கறைத் தண்ணீரையே குடிக்கும். இல்லாவிட்டால் தண்ணீர் மட்டும் வேண்டும் என்று சொல்லும். மோட்டாரை இறக்கி, குழாய் போட்டு, தங்கள் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போகும். கிணறு வற்றும்போது காலனிக்கு ஒன்றும் மிஞ்சாது.

இரண்டாவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழனிப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து நாங்கள் திண்டுக்கல்லுக்குக் குடிவந்தோம் என்று மட்டும் உனக்குத் தெரியும். ஏன் என்று நீ கேட்டதில்லை. எந்தத் தெருவிலிருந்து என்றும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எங்கள் தெருவில் ஒரு ஊற்றுக் கிணறு இருந்தது. அதில் ஊர் மோட்டார் வைத்தது. அடுத்த கோடையில் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்க் குழாயடியில் போய், மற்றவர்கள் எல்லாரும் பிடித்து முடிக்கும்வரை தள்ளி நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வருடமே அப்பா திண்டுக்கல்லுக்கு மாற்றல் கேட்டு வாங்கினார்.

நான் படித்தது வேதியியல். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று சொல்வேன். தண்ணீருக்கும் தெருவுக்கும் நடுவில் இருப்பதை எந்தக் கருவியால் அளப்பது என்று எனக்குத் தெரியாது.

இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதே. கேட்டுக்கொள்கிறேன்.

கிளாரா


பேகம்பூர்
18 மார்ச் 2025

அன்புள்ள கிளாரா,

நோன்பு திறந்து, கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று வருடம் ஒரே அறையில் உன்னோடு இருந்திருக்கிறேன். நீ தூக்கத்தில் உளறியதுகூட எனக்குத் தெரியும். இது தெரியவில்லை. கேட்காமல் இருப்பதுதான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பெருந்தன்மை இல்லை, சோம்பேறித்தனம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் நீ கேட்டுக்கொண்டதை நான் செய்யப்போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நல்ல தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதைக் குடிக்காத பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, ‘அவர்களுக்குப் புரியாது, சண்டை வரும்’ என்று நாம் இரண்டு பேர் மட்டும் முடிவெடுப்பது எந்த ஊர் நியாயம்? அந்த டிவிக்காரன் கேட்காமல் சொன்னான். நாம் கேட்காமல் மறைக்கிறோம். இரண்டிலும் ஊரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அத்தாவிடம் பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். தோல் மண்டியில் முப்பது வருடம் பேரம் பேசியவர். “கெணறு யாரோடது?” என்றார். காலனியோடது என்றேன். “அப்ப மொதல்ல அவுககிட்டல்ல சொல்லணும். சரக்கு இருக்குன்னு சரக்குக்காரனுக்கே தெரியாம சந்தையில ஏலம் போடுவியா?” என்று கேட்டுவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்.

சொல்லாமல் இருக்க நமக்கு உரிமை இல்லை. யாரிடம் முதலில் சொல்வது என்பது நம் கையில் இருக்கிறது. காலனிப் பெண்களிடம் சொல்லுவோம். மோட்டார் வந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்லுவோம். பிறகு முடிவு அவர்களுடையது.

ஒரே நிபந்தனை. நான் சொல்லமாட்டேன். நீ வந்து சொல். பெருநாள் முடிந்ததும் வா.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் எழுது. எழுத்தில் நீ நன்றாகச் சண்டை போடுகிறாய்.

ஃபர்ஹீன்


ஹைதராபாத்
26 மார்ச் 2025

அன்புள்ள ஃபர்ஹீன்,

வருகிறேன். ஏப்ரல் ஐந்தாம் தேதி சனிக்கிழமை காலை திண்டுக்கல்லில் இறங்குவேன். ஞாயிறு மதியம் திரும்ப வேண்டும்.

சோதனைக்குச் சின்னச் சின்னப் புட்டிகளும் ஒரு சிவப்புக் கரைசலும் கொண்டுவருகிறேன். கரைசலைத் தண்ணீரில் விட்டால், ஃபுளோரைடு இருந்தால் நிறம் வெளுத்து மஞ்சளாகும், இல்லாவிட்டால் இளஞ்சிவப்பாகவே நிற்கும். நான் சொல்லி அவர்கள் நம்ப வேண்டாம். அவர்களே விட்டுப் பார்க்கட்டும்.

ஒரு சங்கடம். திறந்த கிணற்றுத் தண்ணீரில் கிருமி இருக்கும். அதைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். கொதிக்க வைக்காதே என்று நீ இப்போதுதான் சொல்லி முடித்திருக்கிறாய்.

பயமாக இருக்கிறது. கருத்தரங்கில் பேசும்போது இந்தப் பயம் வந்ததில்லை.

கிளாரா


ஹைதராபாத்
9 ஏப்ரல் 2025

அன்புள்ள ஃபர்ஹீன்,

நீ வண்டியில் என்னை ரயிலடிக்கு விரட்டிக்கொண்டு வந்த வேகத்தில் எதுவும் பேச முடியவில்லை. எந்தப் பெட்டி என்றுகூடப் பார்க்காமல் ஏறி, யாரோ ஒருவர் சீட்டில் உட்கார்ந்து, மூச்சு வாங்கியது அடங்கவே கரூர் தாண்டிவிட்டது. பேசாததை இங்கே எழுதுகிறேன்.

சனிக்கிழமை நீ ஊர்த்தெருவுக்கு மைக் கட்டப் போயிருந்தபோது, காலனிப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தொட்டித் தண்ணீரில் கரைசலை விட்டார்கள், மஞ்சளானது. கிணற்றுத் தண்ணீரில் விட்டார்கள், சிவப்பு அப்படியே நின்றது. ஒருத்தரும் கைதட்டவில்லை. புஷ்பமேரி அக்கா புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் ஒரு வாளி இறைத்து, சொம்பில் மொண்டு என்னிடம் நீட்டினார். கொதிக்க வைக்காத தண்ணீர். வாங்கி வாய் வைத்துக் குடித்தேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“யாரு வீட்டுப் பொண்ணு நீ?” என்றார்.

ராயப்பராஜ் வாத்தியார் மகள் என்றேன். பிறகு ஊரைச் சொன்னேன். பிறகு தெருவையும் சொன்னேன். ஃபர்ஹீன், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என் வாயால் அந்தத் தெருவின் பெயரை நான் சொன்னதே இல்லை. அவ்வளவு எளிதாக வந்துவிட்டது. ஆச்சரியமாக இருந்தது.

“அங்க ஒரு ஊத்துக் கெணறு இருந்துச்சே?” என்றார். அவருடைய தங்கையை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்தார்களாம். இருந்தது என்றேன். மோட்டார் வைத்த கதையைச் சொன்னேன்.  எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி. நாங்க பேசி ஒரு முடிவுக்கு வாரோம். நீ ஒன் வேலையச் செஞ்சுட்ட” என்றார். அப்படி ஒரு வரி என் மேலதிகாரிகள் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இப்போது அவசரமான விஷயம். பதின்மூன்றாம் தேதி ஊர்க் கூட்டத்தில் மோட்டார் பேச்சு கட்டாயம் வரும். உன்னை எனக்குத் தெரியும். ‘மோட்டார் வைத்தால் இந்தக் கிணறும் நிச்சயம் கெட்டுவிடும்’ என்று அடித்துச் சொல்ல உனக்கு ஆசையாக இருக்கும். சொல்லாதே. வேகமாக உறிஞ்சினால் ஆழத்துப் பாறையின் தண்ணீர் ஊறி மேலே வந்து கெடலாம். அதற்கு வாய்ப்பு உண்டு. நிச்சயம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கயிற்றால் இறைத்தால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மொத்த ஊருக்கும் கோடை முழுவதும் தாங்கும். அதை உறுதியாகச் சொல்லலாம்.

நல்ல காரியத்துக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன என்று கேட்பாய். நாம் கூட்டிச் சொன்னது என்றைக்காவது பொய்த்துப்போகும். அன்றைக்கு நாம் சரியாகச் சொன்னதும் சேர்ந்து செத்துப்போகும்.

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கூட்டத்துக்கு முன்னால் கிடைக்க வேண்டும்.

கிளாரா


பேகம்பூர்
11 மே 2025

அன்புள்ள கிளாரா,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. படித்துவிட்டு உன்மேல் கோபம் வந்தது, ஏனென்றால் ‘நிச்சயம் கெடும்’ என்று ஏற்கெனவே தாளில் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டு ‘கெடலாம்’ என்று மாற்றினேன்.

இவ்வளவு நாள் உனக்கு எழுதாததற்குக் காரணம் உண்டு. கதை முடியாமல் எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

கூட்டம் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நடந்தது. காலனிக் கிணறு நல்ல தண்ணீர் என்று முதலில் சொன்னது நான் இல்லை. புஷ்பமேரி அக்கா எழுந்து, எல்லார் முன்னாலும் தொட்டித் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் கரைசலை விட்டுக் காட்டிச் சொன்னார். புட்டிகள் கைக்குக் கை போயின. இரண்டு தெருக் கைகளுக்கும் போயின. கொதிக்க வைக்கிற சிக்கலை நான் இப்படித் தீர்த்தேன்: கிருமிக்கு அடுப்பு, ஃபுளோரைடுக்கு வேறு கிணறு. பிள்ளைகள் அதைப் பாட்டாக்கிவிட்டார்கள்.

பிறகு நீ சொன்னதுதான் நடந்தது. போர்வெல் லாரி வைத்திருக்கிற முகேஷ்குமார் எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை. சிரித்துக்கொண்டுதான் பேசினார்.

“எதுக்கும்மா அம்புட்டுப் பொம்பளைகளும் கொடத்தத் தூக்கிட்டு அங்கன நடக்கணும்? ஒரு மோட்டார எறக்குனா நேரா தொட்டிக்கு ஏத்திரலாம். எல்லா வீட்டுக்கும் குழாயிலயே வந்துரும். நானே சும்மா மாட்டித் தாரேன்.”

நான் எழுந்து, வேகமாக உறிஞ்சினால் தண்ணீர் கெட வாய்ப்பு இருக்கிறது, ஆனால் நிச்சயமாகத் தெரியாது என்று சொன்னேன். நாக்கில் முள் குத்துகிற மாதிரி இருந்தது.

“நிச்சயம் இல்லேன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப மாட்டித்தான் பாப்பமே” என்றார்.

கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. உன்னை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். அப்போது புஷ்பமேரி அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

“மாட்டிப் பாத்து, கெட்டுப்போச்சுன்னா, கெட்டது யாரு கெணறு?”

முகேஷ்குமார் உட்கார்ந்துவிட்டார். 

“தெரியாதுன்னு அந்தப் பிள்ள உள்ளதச் சொல்லுது. தெரியாத ஒண்ண எங்க கெணத்துலதான் பாக்கணுமா?” என்றார் அக்கா. பிறகு எழுந்து நின்றார். “தண்ணி இல்லேன்னு நாங்க சொல்லல. எல்லாப் பிள்ளைகளும் பிள்ளைகதான். காலையில வாங்க, எங்க வாளி, எங்க கயிறு, நீங்களே எறச்சுக்கங்க. தனிக் கயிறு கெடையாது, தனி நேரம் கெடையாது. ஆனா தண்ணி ஒங்க தெருவுக்கு நடந்து வராது. நீங்கதான் நடந்து வரணும்.”

காலனிப் பெண்கள் எல்லாரும் ஒன்றாக எழுந்து போனார்கள். கூட்டம் முடிந்தது. யாரும் முடித்து வைக்கவில்லை.

அதன் பிறகு ஊர்த்தெருவிலிருந்து ஒரு குடமும் வரவில்லை. காலனி மட்டும் குடிக்க ஆரம்பித்தது. அந்தோணிமுத்து மாமா தினமும் முதல் சொம்பு தனக்கு என்று சட்டம் போட்டுவிட்டார். கழுத்து திரும்பாது, ஆனாலும் குடிப்பேன் என்கிறார். நான் ஞாயிறுதோறும் போனேன். புதிதாக எதுவும் பேசவில்லை. மேசை போட்டு, புட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யார் எந்தத் தண்ணீரைக் கொண்டுவந்தாலும் அவர்களையே சோதிக்க வைத்தேன். ஊர்த்தெருப் பெண்கள் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர், முந்தானைக்குள் தூக்குச்சட்டியை மறைத்துக்கொண்டு வந்தார்கள். எல்லாம் மஞ்சள். மஞ்சளைப் பார்த்துவிட்டுத் தூக்குச்சட்டியை மறுபடி மறைத்துக்கொண்டு போவார்கள். இரண்டு வாரம் இப்படியே போனது. என் வாழ்க்கையில் இவ்வளவு பொறுமையாக நான் இருந்ததில்லை, அத்தாவைக் கேட்டுப் பார்.

தமிழ்நிலா கதையைச் சொல்ல மறந்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் நேரிலேயே வந்தார்கள். பெண் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள் என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். அவள் மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நின்று, “நல்லாப் பாத்துக்கங்க, இது சொட்டு மருந்து மாதிரி எங்க ஊரு எனக்கு ஊத்துன தண்ணி. என் வயித்துல பொறக்கற பிள்ளைக்கு இது வராது. ஏன் வராதுன்னு தெரியணும்னா உக்காருங்க, சொல்றேன்” என்றாளாம். உட்கார்ந்திருக்கிறார். உப்பும் சட்டியும் வைத்து விளக்கியிருக்கிறாள். ஆவணியில் கல்யாணம். அந்தப் பெண்ணை என் வண்டியில் ஏற்றிக்கொள்ளப் போகிறேன், இன்ஷா அல்லாஹ். கல்யாணத்துக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவேன் என்று மாப்பிள்ளையிடம் அவளே பேசி வாங்கிவிட்டாள்.

இன்றைக்கு என்ன நிலை என்றால், ஊர்த்தெருவில் பாதி வீடுகள் வருகின்றன. பாதி வரவில்லை. வராதவர்களில் சிலர் வரவே போவதில்லை. அதையும் உன் ‘கெடலாம்’ போல ‘வரலாம், வராமலும் போகலாம்’ என்று வைத்துக்கொள். ஆனால் அந்தப் பாதி எப்படித் தொடங்கியது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏப்ரல் கடைசித் திங்கட்கிழமை காலை. புட்டிகளைத் திரும்ப வாங்கப் போயிருந்தேன். கிணற்றடியில் காலனிப் பெண்கள் குடங்களை வரிசையாக வைத்திருந்தார்கள், புஷ்பமேரி அக்கா கயிற்றைப் பிடித்து இறைத்துக்கொண்டிருந்தார். ஊர்த்தெரு முனையிலிருந்து முத்துப்பேச்சி வந்தாள். இடுப்பில் குடம், கையில் சின்ன மகன். நான்கு வயது. அவனுக்குப் பால்பல்தான். நிலைத்து நிற்கப்போகிற பல் இன்னும் ஈறுக்குள்தான் உருவாகிக்கொண்டிருக்கிறது, பெரிய பிள்ளைக்குப் போனது போனதுதான், சின்னவனைக் காப்பாற்றலாம் என்று நீ வந்த சனிக்கிழமை சொல்லிவிட்டுப் போனது யார் வழியாகவோ அவள் காதுக்குப் போயிருக்கிறது.

அந்தத் தெருவுக்குள் அவள் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. அவளும் வைத்திருக்க மாட்டாள்.   தன்னைவிடப் பத்து வயது மூத்த புஷ்பமேரியை இதுவரை பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறாள், அதுதான் அங்கே வழக்கம்.

கிணற்றடிக்கு வந்து நின்றாள். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள்.

“அக்கா, கொடத்த எங்கன வைக்க?”

புஷ்பமேரி அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டே சொன்னார்.

“கடைசிக் கொடத்துக்குப் பின்னாடி வையி தாயி. வெயில் ஏறுறதுக்குள்ள ஒன் மொற வந்துரும்.”

ஃபர்ஹீன்